நோய் வயிற்றிலே; கால்களில் அன்று!

(பத்தாம் வகுப்பு மாணவி)

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்.” விளையாட்டு விழா வந்துவிட்டால் இம்மொழியைக் கேளாமல் அந்நாள் கழிவதில்லை. வரவேற்புரையில் ஒரு முறை, சிறப்பு விருந்தினர் உரையில் ஒரு முறை, நன்றியுரையில் ஒரு முறை என்று மூன்று முறையாவது அது நம் காதில் விழும். நல்ல மொழிதான், மறுப்பார் யார்? ஆனால் அம்மொழியைக் கேட்டுக்கொண்டே பந்தலின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவியை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? அவளுக்கு வந்திருக்கும் நோய் பத்து நாள் மருந்தில் தீர்ந்து போவதன்று. இன்று இருக்கிறது, படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்போதும் இருக்கும், பேரன் பேத்தியைத் தூக்கும்போதும் இருக்கும். அப்படியானால் அவள் வாழ்வு என்றும் குறையுள்ள செல்வம்தானா? ஓடவும் ஆடவும் அவளுக்கு உரிமை இல்லையா?

நீங்காத வயிற்று நோய் உடையவர்களும் ஓட்டத்தைப் பொழுதுபோக்காகக் கொள்ளலாம். மருத்துவர் இசைந்தால் கொள்வது நல்லது. அவர்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் நோயன்று. நம்முடைய கூச்சமும் ஒரு பூட்டிய கதவுமே. இதுவே எங்கள் கருத்து.

‘எங்கள்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாங்கள் நால்வர். பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்பவர்கள். சென்ற ஜூன் மாதம் முதல், வாரத்தில் நான்கு நாள், நெல்லைச் சீமையின் வெயில் ஏறுமுன்னே காலை 6.15 மணிக்குப் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடுகிறோம். கோப்பைக்காக அன்று, விருப்பத்திற்காக ஓடுகிறோம். எங்களுள் ஒருத்திக்குப் பெருங்குடலில் புண் நோய் இருக்கிறது. அவள் யார் என்று சொல்லப் போவதில்லை. இதை எழுதும் கையே அவள் கையாக இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவள் தாயாரின் வேண்டுகோள். அதற்குத் தலை வணங்குகிறோம். அவ்வேண்டுகோளின் காரணத்தைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

நோய் என்ன?

வயிற்றுவலி என்றால் நம்மில் பலர் அறிந்தவை மூன்றே வகை. கண்டதைத் தின்றதால் வருவது ஒன்று. பரீட்சையன்று வருவது மற்றொன்று. வீட்டுப்பாடம் செய்யாத அன்று வருவது மூன்றாவது. நாங்கள் சொல்லும் நோய் இம்மூன்றிலும் சேராது.

பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாவதை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கின்றனர். 1932ஆம் ஆண்டில் நியூயார்க் நகர மருத்துவர் பர்ரில் குரோனும் அவருடைய தோழர் இருவரும் விளக்கி எழுதிய குரோன் நோயோ, வாய் முதல் மலவாய் வரை உணவுப் பாதையின் எந்தப் பகுதியையும் பற்றக்கூடியது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்குவதால் இவை உண்டாகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். வயிற்றுவலி, அடிக்கடி வயிற்றுப்போக்கு, இரத்தம் கலந்து போதல், சோகை, எழுந்திருக்கவும் மனமில்லாத களைப்பு ஆகியவை இவற்றின் அறிகுறிகள். ஐ.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மற்றொரு கோளாறும் உண்டு. அதில் குடலில் புண் இராது. ஆயினும் வலியும் போக்கும் சிக்கலும் மாறி மாறி வந்து ஆளை வாட்டும்.

இவை ஒட்டுவாரொட்டி நோய்கள் அல்ல. ஒரே தட்டில் உண்டாலும் ஒரே பாயில் படுத்தாலும் பற்றிக்கொள்ளா. இவை மேல்நாட்டாரின் நோய்கள், நமக்கு வாரா என்று எண்ணுவதும் சரியன்று. பஞ்சாப் மாநிலத்தில் நடத்தி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 44 பேர் பெருங்குடல் புண் நோய் உடையவர்களாகக் காணப்பட்டனர். நம் நாட்டில் குடல் காசநோயும் இருப்பதால், குரோன் நோயையும் அதையும் பிரித்தறிவது மருத்துவர்களுக்கே கடினமாக இருக்கிறது. சிலருக்கு நோயின் பெயர் தெரியவே மாதக்கணக்காகிறது.

இந்நோய்களின் இயல்பு ஒன்றை நாம் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். இவை எந்நாளும் ஒரே நிலையில் இருப்பதில்லை. சீறும் காலம் உண்டு. அடங்கிக் கிடக்கும் காலமும் உண்டு. அடங்கிய காலத்தில், தவறாமல் மாத்திரை உண்டுகொண்டு, மற்றவர்களைப் போலவே நடமாடலாம். வெளித் தோற்றத்தை வைத்து நோயின் நிலையை அறியவும் முடியாது. நோய் சீறும்போது கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பிவிடும். அந்நேரம் பார்த்து உறவினர் வந்து, “பிள்ளை நல்லா தேறிட்டாளே!” என்று மகிழ்வர். நோய் அடங்கி, முகம் வற்றி, அவள் நலமாக இருக்கும்போதோ, “ஏன் இப்படி இளைச்சிட்டா?” என்று வருந்துவர். பாராட்டும் பரிதாபமும் இடம் மாறியே அவளுக்குக் கிடைக்கின்றன.

மரத்தடிப் பெஞ்சு

இப்படிப்பட்ட ஒரு மாணவிக்கு விளையாட்டு வகுப்பில் என்ன நேர்கிறது? மருத்துவர் இரண்டு வாரம் ஓய்வு தேவை என்று எழுதித் தருகிறார். அந்தக் காகிதம் கோப்பிலே சேர்கிறது. இரண்டு வாரம் போகிறது. இரண்டு மாதம் போகிறது. காகிதம் மட்டும் போவதில்லை. அவள் வேப்ப மரத்தடிப் பெஞ்சில் அமர்ந்து, மற்றவர்கள் கழற்றிக் கொடுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் காவல் இருக்கிறாள். யாரும் அவளை வெறுத்து அங்கே உட்கார வைக்கவில்லை. அன்பினால்தான் உட்கார வைக்கிறார்கள். ஆனால் அன்பினால் கட்டிய கயிறும் கயிறுதானே?

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் ஆராய்ந்து மருத்துவம் செய்யும்படி கூறியிருக்கிறார். காலத்தையும் பார் என்றார் வள்ளுவர். நாமோ ஜூன் மாதக் காகிதத்தை வைத்துக்கொண்டு மார்ச் மாதத்திலும் ஓய்வு கொடுக்கிறோம்.

ஓடினால் குடல் கெடுமா?

“வயித்து நோவுக்காரப் பிள்ளை ஓடலாமா? குடல் ஏறிக்கிட்டா என்ன செய்வ?” என்று பாட்டிமார் கேட்கிறார்கள். இக்கேள்வியை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. அதில் ஓரளவு உண்மை இருக்கவே செய்கிறது. நாம் விரைந்து ஓடும்போது இரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் மிகுதியாகப் பாய்கிறது. குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. குடலும் குலுங்குகிறது. அதனாலேயே நெடுந்தூரம் கடுமையாக ஓடுபவர்களுக்கு, எந்த நோயும் இல்லாதவர்களுக்கும்கூட, வயிறு பிசைவதும் போக்கு ஏற்படுவதும் உண்டு. எனவே நோய் சீறும் காலத்தில், அதாவது இரத்தம் போகும்போதும் காய்ச்சல் அடிக்கும்போதும் சோகை மிகும்போதும், ஓடக் கூடாது. அந்நாட்களில் ஓய்வே மருந்து.

நோய் அடங்கிய காலத்தில் அளவோடு செய்யும் பயிற்சி வேறு. 2007ஆம் ஆண்டு கனடா நாட்டில் வெளியான ஓர் ஆய்வில், நோய் அடங்கியோ மிதமாகவோ இருந்த குரோன் நோயாளிகள் 32 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுள் ஒரு பகுதியினரை வாரம் மூன்று முறை, முறைக்கு 30 நிமிடம், மூன்று மாதம் நடக்கச் செய்தனர். நடந்தவர்களுக்கு நோய் சீறவில்லை. வாழ்க்கையில் நலமும் மனநிறைவும் கூடின. 2011ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில் ஐ.பி.எஸ். உடைய 102 பேரை வைத்து நடத்திய ஆய்விலும், உடற்பயிற்சியைக் கூட்டியவர்களுக்குத் தொல்லை குறைந்தது. இவை சிறிய ஆய்வுகள்தாம். நடை வேறு, ஓட்டம் வேறு என்பதும் உண்மையே. ஆயினும் அசையாமல் உட்கார்ந்திருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணத்தை இவை அசைத்துவிட்டன அல்லவா?

எலும்பையும் எண்ணிப் பாருங்கள். நெடுநாள் ஸ்டீராய்டு உண்பது எலும்பை வலுவிழக்கச் செய்கிறது. நடப்பது, ஓடுவது, குதிப்பது போல உடலின் எடையைக் கால்கள் தாங்கும் பயிற்சிகள் எலும்பை வலுப்படுத்துகின்றன. எலும்பு உறுதி பெறும் வயது நம் வயது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் நன்கு உடலை அசைத்து இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. நோயுள்ள மாணவிக்கு அந்த 60 நிமிடத்தில் 20 நிமிடமேனும் கிடைக்க வேண்டாமா? ஓட்டம் அவள் குடலைக் குணமாக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. குடலைத் தவிர அவளுக்கு நுரையீரலும் இதயமும் எலும்பும் உள்ளமும் இருக்கின்றன என்றே சொல்கிறோம்.

ஏன் ஓட்டம்?

விளையாட்டுகள் எத்தனையோ இருக்க, ஓட்டத்தை ஏன் சொல்கிறோம்? கபடிக்கு ஏழு பேர் வேண்டும். ஆட்டத்தின் நடுவே ஒருத்தி வெளியே ஓடினால் மற்ற ஆறு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், எதிரணி சிரிக்கும். எறிபந்திலும் அப்படியே. ஓட்டத்திற்கோ மட்டையும் வேண்டாம், வலையும் வேண்டாம், குழுவும் வேண்டாம். ஒரு சுற்று ஓடிவிட்டு நிற்கலாம், அரைச் சுற்றிலேயே திரும்பலாம், நடக்கலாம். யாரும் தோற்பதில்லை.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலப் பதக்கத்தை நூறில் ஒரு நொடியில் இழந்தார். அது நாட்டுக்காக ஓடிய ஓட்டம். நாங்கள் ஓடும் ஓட்டத்தில் நூறு நொடி பிந்தினாலும் இழப்பு ஒன்றுமில்லை. பொழுதுபோக்கின் சிறப்பே அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. அதுவே பெரிய காரணம். இந்நோய் உள்ளவளின் நாளை நோயே நடத்துகிறது. எதைத் தின்பது, வகுப்பில் கதவருகே அமர்வதா சன்னலருகே அமர்வதா, திருமணத்திற்குப் போவதா வேண்டாமா என்று எல்லாவற்றையும் வயிறே தீர்மானிக்கிறது. பேருந்தில் ஏறுமுன் நாம் சில்லறை இருக்கிறதா என்று பார்க்கிறோம். அவள் வழியில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று எண்ணுகிறாள். காலையில் ஓடும் அந்த அரை மணி நேரம்தான் எங்கே தொடங்குவது, எங்கே நிற்பது என்று அவளே முடிவு செய்யும் நேரம். அதை அவளிடமிருந்து பறிக்கலாமா?

எங்கள் முறை

எங்களைப் போல ஓட விரும்பும் தோழியர்க்குப் பயன்படட்டும் என்று எங்கள் முறையைக் கூறுகிறோம்.

முதலாவது, மருத்துவரின் இசைவு. அதைப் பெறாமல் நாங்கள் தொடங்கவில்லை.

இரண்டாவது, நிதானம். ஜோஷ் கிளார்க் என்னும் அமெரிக்கர் 1996ஆம் ஆண்டில், ஓடிப் பழகாதவர்களுக்காக ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை வகுத்தார். முதல் வாரத்தில் 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். ஓட்டத்தை மெல்ல மெல்லக் கூட்டினால் ஒன்பதாம் வாரத்தில் 30 நிமிடம் நிற்காமல் ஓடலாம். எங்களுக்கோ ஒன்பது வாரம் இருபது வாரமாயிற்று. ஆகட்டுமே! ஓடும்போது பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். இந்தச் சோதனையில் நாங்கள் நால்வரும் ஒரு நாளும் தவறியதில்லை!

மூன்றாவது, வயிறு. வீட்டிலிருந்து புறப்படுமுன் கழிப்பறைக்குச் சென்று வருவோம். வயிறு நிறைய உண்டால் இரண்டு மூன்று மணி நேரம் ஓடுவதில்லை. காலையில் அரை வாழைப்பழம் போதும். பாலும் காப்பியும் எண்ணெய்ப் பண்டமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஆகாது. எது ஆகும், எது ஆகாது என்பதை அவரவர் ஒரு நோட்டில் குறித்து வைத்துக் கண்டுகொள்ள வேண்டும். ஒருவர் வயிற்றுக்கு எழுதிய சட்டம் மற்றவர் வயிற்றுக்குப் பொருந்தாது.

நான்காவது, நீர். போக்கு உள்ளவர்க்கு உடலில் நீரும் உப்பும் விரைவில் குறையும். வெயிலும் வேர்வையும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, அதன் மேல் குறித்துள்ள அளவு நீரில் முழுவதுமாகக் கரைத்து எடுத்துப் போகிறோம். 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது போங்கான் அகதி முகாமில் காலரா பரவிய வேளையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் குடிக்கச் செய்தே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். எளிய பொருள் என்று அதை இகழ வேண்டாம்.

ஐந்தாவது, கால்வலிக்கென்று ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தாமாக விழுங்கக் கூடாது. அவை குடலைப் புண்ணாக்கக் கூடியவை.

ஆறாவது, எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஒருத்தி கையை உயர்த்திவிட்டு விலகிச் சென்றால் மற்றவர்கள் “என்ன? ஏன்?” என்று கேட்பதில்லை. இந்த ஆறாவது விதிக்குக் காசும் வேண்டாம், மருந்துச் சீட்டும் வேண்டாம். ஆனால் மற்ற ஐந்தையும்விட இதுவே பெரிதும் உதவுகிறது.

பூட்டிய கதவு

இனி, மனத்தில் உள்ளதைத் திறந்து சொல்கிறோம். பெரியோர் பொறுத்தருள வேண்டும். மைதானத்தை ஒட்டிய கழிப்பறை பல பள்ளிகளில் பூட்டியே கிடக்கிறது. சாவி ஆயாம்மாவிடம் இருக்கும்; ஆயாம்மாவோ அந்நேரம் மாடியைப் பெருக்கிக்கொண்டிருப்பார். வகுப்பு நேரத்திலோ எழுந்து நின்று, நாற்பது பேர் கேட்கும்படி அனுமதி கேட்க வேண்டும். “இப்போதுதானே போனாய்?” என்ற ஒரு கேள்வி போதும், வகுப்பு முழுவதும் சிரிப்பதற்கு. குடலில் புண் உள்ளவளுக்கு ஐந்து நிமிடப் பொறுமை என்பது கைகூடாத ஒன்று. கால்கள் ஓடத் தயங்குவது களைப்பினால் அன்று. கதவு திறந்திருக்குமோ என்ற அச்சத்தினால்.

வயிறு யாருக்கும் சொன்னபடி கேட்பதில்லை. மகளிர் மாரத்தான் உலகச் சாதனையைத் தம் வசம் வைத்திருந்த இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப், 2005ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில் ஓடியபோது வயிற்றுத் தொல்லை தாளாமல், அருகில் கழிப்பறை இல்லாமையால், மக்கள் கூட்டத்தின் முன்னேயே சாலையோரம் ஒதுங்க நேர்ந்தது. உலகமே தொலைக்காட்சியில் கண்டது. அவர் எழுந்தார், ஓடினார், 2 மணி 17 நிமிடம் 42 நொடியில் முதலாவதாக வந்தார். நலமுடைய உலக வீராங்கனைக்கே இது நேருமானால், நம் வகுப்பு மாணவிக்கு நேர்வதில் நகைக்க என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆலி பெயின் என்ற சிறுமிக்குக் குரோன் நோய். பதினான்கு வயதில் தன் தாயுடன் ஒரு கடைக்குச் சென்றிருந்தபோது வயிறு கலக்கிற்று. ஊழியர்களின் கழிப்பறையைப் பயன்படுத்த அங்கே அவளை விடவில்லை. அவள் அழுதுவிட்டு வாளாவிருக்கவில்லை. தாயும் மகளும் சட்டமன்ற உறுப்பினரை அணுகினர். 2005ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் சட்டமே பிறந்தது. இத்தகைய நோயுடையவர் கேட்டால் கடைக்காரர் ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்பது அச்சட்டம். ‘ஆலி சட்டம்’ என்று அதை அழைக்கிறார்கள். வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. நம்மைவிட ஒரு வயது இளைய சிறுமி ஒரு மாநிலத்தின் கதவுகளைத் திறந்துவிட்டாள். நம் பள்ளியின் ஒரு கதவைத் திறக்க நமக்குச் சட்டமன்றம் தேவையில்லை. தலைமைச் சகோதரி அவர்களின் ஒரு சொல் போதும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம். ஒன்று: விளையாட்டு வகுப்பு நேரத்திலும் காலை 6 மணி முதலும் மைதானக் கழிப்பறை திறந்திருக்கட்டும். இரண்டு: மருத்துவச் சான்று தந்த மாணவிக்கு ஒரு சிறு அட்டை கொடுத்து, அதை மேசை மேல் வைத்துவிட்டு, அனுமதி கேளாமல் வெளியே செல்ல விடலாம். மூன்று: விளையாட்டு விலக்குச் சான்றுக்கு முடிவு நாள் குறித்து, அந்நாள் வந்ததும், “இப்போது என்ன செய்ய முடியும்?” என்று அவளையே கேட்கலாம்.

இதைச் சொல்லும்போது நன்றி மறவாமல் ஒன்றையும் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கே மைதானக் கதவைத் திறந்துவிட்டு, ஜெபமாலையும் கையுமாகச் சுவரோரம் நடந்தபடி எங்களைப் பார்த்துக்கொள்ளும் சகோதரி, இன்றுவரை எங்களுள் நோயாளி யார் என்று கேட்டதில்லை.

வீராங்கனை ஆக்க வேண்டாம்

நோயை வென்ற விளையாட்டு வீரர்களின் கதைகள் பல உண்டு. இங்கிலாந்தின் படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவ் 1984 முதல் 2000 வரை ஐந்து ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். 1992ஆம் ஆண்டிலேயே அவருக்குப் பெருங்குடல் புண் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. குரோன் நோயுடைய அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேத்லீன் பேக்கர் 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மல்லாந்து நீச்சலில் வெள்ளி பெற்றார். கோதுமையில் உள்ள குளுட்டன் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய், ஏமி யோடர் பெக்லிக்கு 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் 10,000 மீட்டர் ஓடினார்.

இக்கதைகள் நமக்கு ஊக்கம் தருகின்றன. ஆனால் அவற்றையே அளவுகோலாக்கி, “அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?” என்று நோயாளியைக் கேட்பது கொடுமை. மன உறுதி குறைந்ததால் குடலில் புண் வருவதில்லை. மன உறுதி கூடியதால் அது ஆறுவதும் இல்லை.

சென்ற நவம்பர் மழையில் எங்களுள் ஒருத்திக்கு நோய் சீறிற்று. மருத்துவமனையில் ஒன்பது நாள். வீட்டில் மூன்று வாரம். அவள் வரும்வரை ஓடுவதில்லை என்று மற்ற மூவரும் முடிவு செய்து, அதைப் பெருமையோடு அவளிடம் போய்ச் சொன்னோம். அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “எனக்காக நிக்காதீங்கடி. நீங்க ஓடிக்கிட்டே இருங்க. நான் வாரேன்” என்றாள். எங்களுக்கு வாய் அடைத்துவிட்டது. எங்கள் தியாகம் அவளுக்குத் தேவைப்படவில்லை. தான் திரும்பி வரும்போது ஓட்டம் அங்கே இருக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தேவைப்பட்டது. சனவரியில் வந்தாள். 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை என்று மீண்டும் முதல் வாரத்திலிருந்தே தொடங்கினாள். யாரும் கைதட்டவில்லை. கைதட்ட வேண்டாம் என்று முன்னரே சொல்லிவிட்டாள்.

நோயுற்றவளை மரத்தடியில் உட்கார வைப்பது ஒரு தவறு என்றால், அவளை மேடையில் ஏற்றி வீராங்கனை ஆக்குவது மற்றொரு தவறு. அவள் விரும்புவது இரண்டுக்கும் நடுவே உள்ள இடம். வரிசையில் மற்றவர்களோடு ஓர் இடம்.

அன்னையருக்கு ஒரு சொல்

இப்போது அந்தப் பெயரைப் பற்றிப் பேசுவோம். “பொம்பளப் பிள்ளைக்கு வியாதின்னு வெளியே தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டிக்குவாங்க?” என்று அத்தாயார் அஞ்சுகிறார்கள். அவ்வச்சம் பொய்யன்று, ஊர் அப்படித்தான் பேசுகிறது. தம் மகளைக் காக்கவே அவர்கள் வாயை மூடுகிறார்கள். அதற்காக அவர்களைக் குறை கூற எங்களுக்கு வயதும் இல்லை, உரிமையும் இல்லை.

ஆயினும் அன்னையரே, ஒன்று கேட்கிறோம். மறைக்கப்படும் நோய்க்கு உதவி எப்படி வரும்? ஆசிரியைக்குத் தெரியாவிட்டால் கதவருகே இடம் எப்படிக் கிடைக்கும்? தோழியருக்குத் தெரியாவிட்டால், ஓடும்போது மயங்கி விழுந்தால் யார் என்ன செய்வார்கள்? ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். வகுப்பாசிரியைக்கும் உடற்கல்வி ஆசிரியைக்கும் நம்பிக்கையான ஒரு தோழிக்குமாவது தெரியட்டும். ஆண்டுதோறும் மே மாதம் 19ஆம் நாளை உலகக் குடல் அழற்சி நோய் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அந்நாளில் நம் பள்ளிக்குக் கோடை விடுமுறை. ஆகையால் விடுமுறை முடிந்து வரும் ஜூன் மாதத்தில் ஒரு நாள், ஒரு மருத்துவரை அழைத்து மாணவியருக்கும் அன்னையருக்கும் சேர்த்து விளக்கச் செய்தால், அடுத்த ஆண்டு இது போன்ற கட்டுரையில் ஒரு பெயரை அச்சிட முடியலாம்.

முடிவாக

நோயற்ற வாழ்வு குறைவற்ற செல்வம் என்பது மெய்தான். அச்செல்வம் பிறப்பிலேயோ பின்னரோ கிட்டாமற் போனவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்கள் ஏழைகள் அல்லர். இருக்கின்ற செல்வத்தை, நல்ல நாளில் நல்ல நேரத்தில், தம் விருப்பப்படி செலவிட விரும்புகிறவர்கள். அதற்கு நாம் குறுக்கே நில்லாதிருந்தால் போதும்.

அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவில், பரிசுக்குரிய போட்டிகள் எல்லாம் முடிந்த பிறகு, ஒரே ஒரு சுற்றை எல்லோருக்கும் திறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். முதலிடம், இரண்டாமிடம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம், ஓடலாம், நடக்கலாம், நடுவில் விலகலாம். பள்ளி மாணவியரும் அருட்சகோதரியரும் பெற்றோரும் வரட்டும். மரத்தடிப் பெஞ்சு மட்டும் அன்று காலியாக இருக்கட்டும். கைக்கடிகாரங்களை நாம் கையிலேயே கட்டிக்கொண்டு ஓடலாம். அவற்றிற்குக் காவல் தேவையில்லை.